பார்சிலோனாவில் தோடியை அளந்த ஓராண்டு

இசைத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்றதும், ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை பார்க்கத்தான் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். நான் சேர்ந்தது பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில். ஒலியையும் இசையையும் கணினியால் ஆராயும் ஓராண்டு முதுகலைப் படிப்பு, வகுப்புகள் ஆங்கிலத்தில். ஒலிப்பதிவு மிக்சரைத் தொடுவதைவிட பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவதுதான் அதிகம்.

அங்குள்ள இசைத் தொழில்நுட்ப ஆய்வுக்குழு 1994-இல் ஷவியர் செர்ரா தொடங்கியது. யமஹாவின் வோக்கலாய்டு பாடும் மென்பொருளுக்கான ஆய்வு இங்கேதான் நடந்தது. ஆனால் என்னை இழுத்தது 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம். மேற்கத்திய இசையை மனதில் வைத்து எழுதிய நிரல்கள் கர்நாடக இசைக்கும் இந்துஸ்தானிக்கும் துருக்கியின் மகாம் என்ற மரபிசைக்கும் பொருந்துமா என்று கேட்ட திட்டம் அது. சென்னை ஐஐடியும் அதில் பங்கெடுத்தது. பொறியியல் படித்து, சின்ன வயதிலிருந்து பாட்டும் கற்ற எனக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை.

விசாவுக்குக் காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, பட்டத்துக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) எல்லாம் வேண்டும். முத்திரைக்கு நாள் பிடிக்கும், அதை முதலில் தொடங்குங்கள். போய் இறங்கியதும் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். எனக்கு அறை கொடுத்தவர் அதற்குக் கையெழுத்துப் போட மறுத்ததால் வேறு அறை தேட வேண்டியதாயிற்று. வாடகை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். ஒலியை ஒரு நொடிக்கு 44,100 எண்களாகப் பதிகிறோம். அதில் 2,048 எண்களை ஒரு துண்டாக எடுத்து ஃபூரியே உருமாற்றம் (ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பிரிக்கும் கணக்கு) செய்தால், அதிர்வெண்கள் சுமார் 21.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கிடைக்கும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணுக்கு ஸட்ஜத்துக்கும் (ஸ) அதற்கு அடுத்த ஸ்வரமான சுத்த ரிஷபத்துக்கும் (ரி) உள்ள வித்தியாசமே 8 ஹெர்ட்ஸ்தான். துண்டை 8,192 ஆக்கினால் இடைவெளி 5.4 ஹெர்ட்ஸாகக் குறையும், ஆனால் துண்டின் நீளம் 186 மில்லிநொடி ஆகிவிடும். வேகமான கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) ஒன்று அதற்குள் ஆடி முடிந்துவிடும்! துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுப்பது, ஒலி வலுவாக இருக்கும் உச்சியின் சரியான இடத்தைப் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணிப்பது என்று பல வழிகள் உண்டு. எதை எங்கே பயன்படுத்துவது என்று பழகவே முதல் பருவம் போயிற்று.

ஆய்வுக்கு நான் எடுத்தது தோடி ராகம். குரலின் சுருதியை நேரத்துக்கு எதிராக வரைந்தால், காந்தாரம் (க) இருக்க வேண்டிய இடத்தில் கோடு நிற்கவே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் (ம) நடுவே போய் வந்துகொண்டே இருக்கிறது. எந்த சுருதியில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று எண்ணிப் பார்த்தாலும் காந்தாரத்துக்குத் தெளிவான உச்சி கிடையாது. ஊரிலிருக்கும் என் பாட்டு டீச்சருக்குப் போன் போட்டு, “டீச்சர், படத்துல காந்தாரத்தையே காணோம்” என்றேன். “நிறுத்திப் பாடினா அது தோடியாம்மா? எங்கேர்ந்து புறப்பட்டு எங்கே போறதுன்னு பாரு” என்றார். அதன்பிறகு ஸ்வரங்களைப் புள்ளிகளாகத் தேடுவதை விட்டுவிட்டு, அசைவின் வடிவத்தையே அலகாக எடுத்தேன். என் ஆய்வின் திருப்பம் அந்தப் போன் பேச்சில்தான் வந்தது. மேற்கோள் பட்டியலில் அதைச் சேர்க்க முடியவில்லை, நன்றியுரையில் முதல் வரியாக எழுதினேன்.

கச்சேரிப் பதிவில் இன்னும் பல சிக்கல்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நிரல் வயலினைக் குரல் என்று பிடித்துக்கொள்ளும். சரகா என்ற தொகுப்பில் குரல், வயலின், மிருதங்கம் தனித்தனி மைக்கில் கிடைக்கின்றன. மேடையில் பதிந்தவை என்பதால் ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலியும் விழுந்திருக்கும். ஆதார ஸட்ஜத்தைத் தம்புராவிலிருந்து கண்டுபிடிக்கலாம். மத்தியமத்தையே ஸட்ஜமாக வைத்துப் பாடும் மத்தியம சுருதிப் பாட்டு என்றால் அந்தக் கணக்கும் மாறும். இதையெல்லாம் முன்பே காதால் அறிந்திருந்தது எனக்குப் பெரிய பலம். கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வகுப்பில் இருந்தார்கள், ஆனால் படத்தில் தெரியும் பிழையை அவர்களால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை.

விண்ணப்பிக்கும் முன்பே சிக்கலெண்களையும் (complex numbers) பைதானையும் பார்த்துவிடுங்கள். செர்ராவும் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித்தும் சேர்ந்து கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்திய ஒலிக் குறிப்பலைப் (audio signal) பாடத்தை முடித்துவிட்டுத்தான் நான் போனேன். முதல் மாதம் மூச்சுத் திணறாமல் போனதற்கு அதுவே காரணம்.

ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில், இந்த முறை நாகஸ்வரத்துக்கும் வருமா என்று கேட்டார்கள். அதில் தம்புரா கிடையாது, ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதும் ஒத்து என்ற குழல்தான் ஆதாரம். பக்கத்திலேயே தவில் முழங்கும். இப்போதைக்கு வராது என்றேன். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அதை வரவைக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கோயில் திருவிழாக்களில் நானே பதிவு செய்கிறேன், ஒத்தின் ஒலியை மட்டும் பிரித்தெடுப்பது ஓரளவுக்குக் கைகூடி வருகிறது.