சென்னைக்குப் போகவில்லை

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்ததும் இரண்டு வேலை கிடைத்தது. ஒன்று சென்னையில் சாஃப்ட்வேர். இன்னொன்று சேலத்தில், ஐந்து ரோடு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பராமரிப்பது, சம்பளம் பாதிதான். "நாலு வருஷம் படிச்சது ஒயர் மாட்டவா கண்ணு?" என்று அப்பா வருத்தப்பட்டார்.

கடைசி வருடப் பயிற்சியில் பார்த்த ஒரு ஈசிஜிதான் என் மனதில் நின்றது. ஒரு பாட்டிக்கு எடுத்தது, கோடு முழுக்க நடுக்கம். கூட இருந்த சீனியர் அண்ணன் தாளை நீட்டி, "பெரிய கட்டத்துக்குள்ள எத்தனை நடுக்கம்னு எண்ணு" என்றார். பத்து. ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி, அப்படியென்றால் நொடிக்கு 50. நம் கரண்டின் ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பது, அதுதான்; இந்த நடுக்கம் இதயத்துடையது இல்லை. உடம்பில் ஒட்டும் எலெக்ட்ரோடில் ஜெல் காய்ந்திருந்தது, அதனால்தான் கரண்டின் நடுக்கம் கோட்டில் ஏறியிருந்தது. தோலைத் துடைத்துப் புதிதாக ஒட்டினோம். கோடு தெளிந்ததும் எனக்கே மூச்சு வந்த மாதிரி இருந்தது.

சரி, இதுதான் என் வேலை என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

மேலே படிக்கிற ஆசையும் உண்டு. 2020 முதல் இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது. இதய வால்வு செய்த திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் மாதிரி இடத்தில் சேரவேண்டும். அதற்கு இன்னும் இரண்டு வருடம் போகட்டும். நாளைக்கு டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) சோதனை, காலை ஏழு மணிக்கே கிளம்பணும்.