நிக்கல்-மாலிப்டினம்: ஐந்தாவது வலை உரியவில்லை

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கலத்துக்காக, நிக்கல் வலையில் நிக்கல்-மாலிப்டினம் பூசிக்கொண்டிருக்கிறேன். நான்கு வலைகளை வீணாக்கியபின், ஐந்தாவது 18 மணி நேரமாக ஓடுகிறது. ஒரு செதில்கூட உதிரவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ள உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் நான்கிலும் ஒரே கதை. பூச்சு அடர்சாம்பல் நிறத்தில் அழகாக ஏறும். 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் எதிர்மின்வாயாக (ஹைட்ரஜன் வரும் பக்கம்) மாட்டினால், கால் மணி நேரத்தில் குமிழிகளோடு கரித்தூள் மாதிரி கறுப்புச் செதில்கள் மிதந்து வரும். மறுநாள் பூச்சு பாத்திரத்தின் அடியில் கிடக்கும், வலை மொட்டையாக நிற்கும்.

பூச்சுக் கரைசலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மாலிப்டினம் நீர்க்கரைசலில் தனியாகப் படியாது. நிக்கல், கோபால்ட், இரும்பு என்று ஏதாவது ஒன்று கைகொடுக்க வேண்டும். அதனால் மாலிப்டினம் தரும் உப்பான மாலிப்டேட்டைக் குறைத்தேன், உலோகங்களைக் கரைசலில் பிடித்துவைக்கும் சிட்ரேட்டைக் கூட்டினேன், அம்மோனியா விட்டு பிஹெச்சை 9.5-க்கு ஏற்றினேன். மூன்று வாரம் போனதுதான் மிச்சம்.

உதிர்ந்த செதில் ஒன்றை லென்ஸில் திருப்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வலைக் கம்பியின் கீறல்கள்கூட அச்சு எடுத்தாற்போல் பதிந்திருந்தன. பூச்சு நிக்கலைப் பிடிக்கவே இல்லை, அதன் ஆக்சைடு படலத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. அசிட்டோன் எண்ணெயைத்தான் எடுக்கும். அமிலத்தில் முக்கினால் படலம் போகும், ஆனால் கழுவிக் காற்றில் காட்டி எடுத்துப் போவதற்குள் திரும்ப வந்துவிடும்.

முலாம் பூசுபவர்களின் பழைய வித்தையான வுட்ஸ் ஸ்டிரைக்தான் காப்பாற்றியது. லிட்டருக்கு 240 கிராம் நிக்கல் குளோரைடு, 125 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். படலத்தைக் கரைத்துக்கொண்டே மெல்லிசாகப் புது நிக்கலைப் படியவைக்கும். நேர்மின்வாய் நிக்கலாகவே இருக்கட்டும், கிராஃபைட் வைத்தால் குளோரின் வரும். இரண்டு நிமிடம் போதும். அப்புறம் ஒரே முக்கில் அலசி, ஈரம் காயுமுன் பூச்சுக் கரைசலில் இறக்கினேன், அதுவும் மின்சாரம் இணைப்பில் இருக்கும்போதே. முன்பெல்லாம் வலையை உள்ளே விட்டு, கிளிப்பைச் சரிசெய்து, நிதானமாக ஸ்விட்சைப் போடுவேன். அந்த நிதானம்தான் கெடுத்திருக்கிறது.

பூசும் நேரத்தையும் ஒரு மணியிலிருந்து 20 நிமிடமாகக் குறைத்தேன். தடித்தால் உள் இறுக்கத்தில் காய்ந்த குளத்துச் சேறு போல வெடிக்கிறது.

கணக்கு: சதுர செ.மீ.க்கு 50 மில்லிஆம்பியரில், இருபக்கமும் வெறும் நிக்கல் வலை இருந்தபோது 2.12 வோல்ட். இப்போது ஹைட்ரஜன் பக்கம் மட்டும் பூசியதில் 1.91. வோல்ட் குறைந்தால் அதே ஹைட்ரஜனுக்கு மின்சாரம் மிச்சம். வலை 10 சதுர செ.மீ., ஆக அரை ஆம்பியர், நிமிடத்துக்குச் சுமார் 3.5 மி.லி. ஹைட்ரஜன். ஜன்னல் திறந்தே இருக்கிறது.

வலை வாங்குவோருக்கு ஒன்று: 'சுத்த நிக்கல்' என்று எனக்கு வந்த ஒரு சுருளை வெட்டினால் முனை சிவப்பாக இருந்தது. நிக்கல் முலாம் பூசிய செம்பு! வந்ததும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நிக்கல் ஒட்டும், செம்பு ஒட்டாது. இரும்பில் முலாம் பூசியிருந்தால் காந்தமும் ஏமாற்றும், அதனால் முனையையும் வெட்டிப் பாருங்கள்.

அடுத்து நேர்மின்வாய். இன்னும் வீணாகும் வோல்ட்டில் பெரும்பங்கை ஆக்சிஜன் பக்கம்தான் விழுங்குகிறது, அங்கே நிக்கல்-இரும்பு பூசலாம் என்று இரும்பு சல்ஃபேட் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதற்குக் கலத்தை நிறுத்த வேண்டும். மின்சாரம் இல்லாமல் காரத்தில் நின்றால் மாலிப்டினம் கரைய ஆரம்பிக்கும். நிறுத்தியதும் வலையை வெளியே எடுத்து அலசிவிடலாம்தான், இருந்தாலும் இன்னும் ஸ்விட்சில் கை வைக்க மனம் வரவில்லை.