போர்டோய் சரிவு: வெள்ளைப் பாறையில் என்ன முளைக்கிறது?

இத்தாலியின் டோலமைட் மலைகளுக்குப் போகிறவர்கள் எடல்வைஸ் பூவைத்தான் தேடுகிறார்கள். கண்ணில் பட்டால் நல்லது. ஆனால் அந்தச் சரிவுகள் பிடிபட வேண்டுமானால் பூவை விட்டுவிட்டுப் புல்லைப் பார்க்க வேண்டும். அதற்குத் தோதான இடம் போர்டோய் கணவாய், உயரம் 2239 மீட்டர். அங்கிருந்து 2950 மீட்டரிலுள்ள சாஸ் போர்டோய்க்கு கேபிள் காரில் ஏறி, நடந்து இறங்குங்கள். வெறும் கல்லில் தொடங்கி மண் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பது காலடியிலேயே தெரியும்.

ஜூலை முதல் பாதி நல்ல நேரம். இறங்கும் வழியிலுள்ள மலையிடுக்கில் பனி கிடக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வழக்கம் என்பதால் முதல் வண்டியிலேயே ஏறிவிட வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம், வழியில் ஊற்றை நம்ப முடியாது. இத்தனைக்கும் மழைக்கு இங்கே குறைவில்லை. டோலமைட் என்ற இந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைதான் ஓட்டைப் பானை. பெய்வதெல்லாம் வெடிப்புகள் வழியே இறங்கிவிடுகிறது.

மேலே உள்ள கற்சரிவு மொட்டையாகத் தெரிந்தாலும் ஒரு சாண் ஆழத்தில் ஈரமான பொடிமண் இருக்கும். மஞ்சள் நிற ஆல்ப்ஸ் பாப்பி அங்கேதான் ஆணிவேரை இறக்குகிறது. ஊதாப் பூ பூக்கும் நோக்கேயா ரோட்டண்டிஃபோலியாவின் வழி வேறு: கல் நகர நகரத் தண்டை நீட்டிக்கொண்டு கூடவே நகரும். இங்கே பாதையை விட்டு விலகிக் குறுக்கே இறங்கினால் கல் உருண்டு கீழே வருபவர் தலையில் விழும். செடியும் வேரோடு போகும்.

கல் நிலைத்த இடத்தில் கேரெக்ஸ் ஃபிர்மா என்ற குட்டைக் கோரை மெத்தை போடுகிறது. விறைத்த இலைகள் நட்சத்திரம்போல விரிந்திருக்கும், உள்ளங்கையால் அழுத்தினால் குத்தும். காற்று பனியை அடித்துப் போகும் திட்டுகளில் தாக்குப்பிடிக்கும் கோரை இது. பக்கத்திலேயே எட்டிதழ் வெள்ளைப் பூ ட்ரையாஸ். அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைக் கம்பளி.

இன்னும் கீழே, வெயில் விழும் சரிவில் செஸ்லேரியா புல்லும் கேரெக்ஸ் செம்பர்வைரன்ஸ் கோரையும் கலந்து வளரும். தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள்: மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. செஸ்லேரியாவின் இலைநுனி படகின் முனைபோலச் சட்டென முடியும். இதன் ஒவ்வொரு தூரும் சரியும் மண்ணைத் தடுத்து நிறுத்துவதால் சரிவு முழுக்கச் சின்னச் சின்னப் படிகள். அந்தப் படியில் மிதித்தால் தூர் பெயரும், அடுத்த மழை அங்கே வாய்க்கால் வெட்டும்.

மறுநாள் கணவாயின் எதிர்ப்பக்கம் 'ரொட்டிப் பாதை' என்று பொருள்படும் வியெல் டல் பானில் நடந்தால் ஒப்பிடலாம். அங்கே பாறை கறுப்பு, பெரும்பாலும் எரிமலைப் பாறை. வெள்ளைப் பாறையில் வளரும் ரோடோடென்ட்ரான் புதரின் இலை விளிம்பில் முள்மயிர் இருக்கும். இங்குள்ளதன் இலையடி துருப்பிடித்த பழுப்பு. நம் நீலகிரிக் காட்டுப் பூவரசின் சொந்தங்கள்தான் இரண்டும். சுண்ணாம்பென்றால் ஒதுங்கும் அந்தக் கூட்டத்தில் முள்மயிர்க்காரர் விதிவிலக்கு. நீல ஜென்ஷன் பூவிலும் இதே ஜோடி: குழலுக்குள் பச்சைக் கோடுகள் இருந்தால் ஜென்ஷியானா அகாலிஸ், அமிலமண் செடி, இல்லாவிட்டால் க்ளூசி, சுண்ணாம்புச் செடி. இப்படி மண்ணுக்கேற்ப இனம் மாறுவதை தாவரவியலாளர் ஃபிரான்ஸ் உங்கர் 1836-லேயே ஆஸ்திரியாவின் கிட்ஸ்புஹெல் பகுதியை வைத்து எழுதிவிட்டார்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. கல்லில் வினிகர் விட்டு நுரைக்கவில்லையே, சுண்ணாம்பு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். டோலமைட்டில் கால்சியத்தோடு மெக்னீசியமும் இருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கே அது கத்தியால் சுரண்டிய பொடியில்தான் மெல்ல நுரைக்கும். இரண்டாவது, வெள்ளைப் பாறை மேலேயே அமிலமண் விரும்பும் பில்பெரிப் புதர் நிற்கும். பாறை மாறியிருக்காது. பல காலமாகச் சேர்ந்த கறுப்பு மட்கு தடித்து, மேல் மண்ணின் சுண்ணாம்பை மழை கழுவியிருக்கும். புதரின் வேர் பாறையைத் தொடுவதே இல்லை. பாதை வெட்டிய ஓரத்தில் மண்ணின் குறுக்குவெட்டைப் பார்த்தால் போதும், தோண்ட வேண்டாம்.