எல்கடுவை ரோட்டில் ஓர் ஆமை

5 நவம்பர் 2023, ஞாயிறு

மாத்தளையில் சாமான் வாங்கிக்கொண்டு தம்பியின் ஆட்டோவில் திரும்பும்போது இருட்டிவிட்டது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. உக்குவளை தாண்டி, எல்கடுவை ரோட்டில் வயல் ஓரமாக வந்தபோது சடாரென்று பிரேக் போட்டான். "கல்லுன்னு நெனச்சேன் அக்கா. கால் ஆடுது."

கறுப்பு ஆமை. சிங்களத்தில் கல் இப்பா என்பார்கள். பேருக்கேற்ற மாதிரிதான் கிடந்தது. ஒரு சாண் நீளம், முதுகில் மூன்று வரம்பு. வலப்பக்கம் ஓடு வெடித்து, ஒரு துண்டு உள்ளே அமுங்கி, ரத்தம் கசிந்தது. ஏற்றிய வண்டி நிற்காமல் போயிருக்கிறது.

தம்பி வாலைப் பிடிக்கப் போனான். தடுத்துவிட்டு, ஓட்டின் இரண்டு பக்கமும் பிடித்து மட்டமாகத் தூக்கினேன். பயத்தில் ஒரு நாற்றம் விட்டது பாருங்கள், ஆட்டோவுக்குள் இருக்க முடியவில்லை.

வீட்டில் அம்மா வாசலை மறித்துக்கொண்டார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதாம். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வைத்தால் புகுந்த கணக்கில் வராது என்று சமாதானம் சொன்னேன்.

வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். பெட்டியில் வைத்து, காலையில் பேராதனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பிஸ்கட் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, பழைய துவாயை விரித்தோம். தண்ணீரில் விடவில்லை. வெடிப்பு வழியே அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், சோர்ந்த ஆமை மூழ்கியே செத்தும் போகும். பக்கத்துக் காம்பிரா (லயன் வீடு) மாமா நல்லெண்ணத்தில் பசை டியூப்போடு வந்தார். ஒட்டினால் கிருமியையும் சேர்த்து மூடிவிடுவோம் என்றதும் கொஞ்சம் கோபம் அவருக்கு. ஈ மொய்க்காமல் இருக்க மெல்லிய துணியால் பெட்டியை மூடினேன்.

6 நவம்பர்

அம்மா வேலைக்குப் போகவில்லை, கூடவே வந்தார். ஏன் என்று கேட்கவில்லை.

பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலை. பெண் ஆமை என்றார் டாக்டர். ஆணுக்கு வயிற்றுப் பக்கத்து ஓடு குழிந்திருக்குமாம். முட்டை இருக்கிறதா என்று பார்க்கவும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இல்லை.

அந்தப் படத்தைத்தான் மறக்க முடியவில்லை. ஓடு என்றால் ஆமை குடியிருக்கிற வீடு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். படத்தில் முதுகெலும்பும் விலா எலும்பும் ஓட்டோடு ஒட்டி வளர்ந்திருக்கின்றன. கழற்ற முடியாது. ரத்தம் ஓடும், வலிக்கும். மேலே இருப்பது நகம் மாதிரி ஒரு தகடு மட்டும்.

"அப்போ முதுகுதான் ஒடஞ்சிருக்கா?" என்றார் அம்மா. கூடை சுமந்து சுமந்து அவர் முதுகு படும் பாடு எனக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் பேசவில்லை.

புறப்படும்போது டாக்டர் கேட்டார்: எந்த இடம், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது? எனக்கு இடம்தான் தெரியும். தம்பிக்கு நினைவிருந்தது: தலை வயல் பக்கம்.

9 நவம்பர்

போனில் விசாரித்தேன். புண்ணைக் கழுவி, அமுங்கிய துண்டைத் தூக்கி, கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று நாளுக்கு ஒரு ஊசி, அதுவும் முன்காலில். பின்கால் ரத்தம் சிறுநீரகம் வழியாகத் திரும்புவதால் மருந்து வீணாகலாமாம். இன்னும் சாப்பிடவில்லை.

13 நவம்பர்

நேற்று தீபாவளி. இன்று போன் வந்தது. மண்புழு தின்றதாம். அம்மா முறுக்குத் தட்டோடு மாமா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

2 மார்ச் 2024

நான்கு மாதம். எலும்பு சேர்ந்துவிட்டது. தழும்பு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. திணைக்களத்து ஆட்கள் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். தம்பி இடத்தைக் காட்டினான். ரோட்டைக் கடந்து வயல் பக்கம், வாய்க்கால் ஓரத்தில் விட வேண்டும்.

பெட்டியிலிருந்து தூக்கியதும் அதே நாற்றம். தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். "நல்லா இருக்கு" என்று சிரித்தார் அதிகாரி. அம்மா நகரவில்லை, சேற்றில் இறங்கி நின்று அது தண்ணீருக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.