வெள்ளோட்டக் குறிப்பேடு, மதுரை

நவம்பர் 24, திங்கள்

"எனக்கு எது சரிப்பட்டு வரும்னே தெரியலை" என்று சொல்கிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள். இப்படிச் சொல்கிறவர்களிடம் ஆசைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. மல்லிகைப்பூத் தோட்டம் போட வேண்டும், இட்லி மாவு வியாபாரம் பார்க்க வேண்டும், போலீஸ் வேலைக்குப் போக வேண்டும், குரூப் 4 எழுத வேண்டும். நாலும் ஒரே வாயிலிருந்து வரும். இதில் எது தன்னுடையது என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் டேரில் பெம் 1972-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மனசுக்குள் இருப்பது தெளிவாகத் தெரியாதபோது, அடுத்தவரைக் கவனித்து ஊகிக்கிற மாதிரியேதான் மனிதன் தன் செய்கையைப் பார்த்துத் தன் விருப்பத்தை ஊகிக்கிறான் என்றார். செய்ததே ஒன்றும் இல்லையென்றால் எதை வைத்து ஊகிப்பது?

அதனால் முதலில் ஒரு வெள்ளோட்டம். ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்று. மூன்று வாரமாவது வேண்டும். முதல் வாரம் முழுக்கப் புதுசு என்கிற உற்சாகத்திலேயே ஓடிவிடும், அதை நம்பக் கூடாது. முடிகிற தேதியை ஆரம்பிக்கும் முன்பே காலண்டரில் குறித்துவிடுங்கள். தொலைந்தால் தொலையட்டும் என்று விடக்கூடிய பணம் எவ்வளவோ அதுதான் முதலீடு. நகையை அடகு வைத்து ஆரம்பித்தால் பிறகு நிறுத்த மனசு வராது.

தொழிலின் மினுக்கான பக்கத்தை விட்டுவிட்டு, தினமும் திரும்பத் திரும்ப வருகிற வேலையைப் பிடியுங்கள். அது எதுவென்று தொழிலில் இருக்கிறவரிடம் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. "இந்தத் தொழில் எப்படிண்ணே?" என்றால் புலம்பலோ பெருமையோ வரும். "நேத்து விடியக்காலையிலருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். உண்மை வரும்.

நவம்பர் 28, வெள்ளி

மல்லிக்குக் கவாத்து நேரம், அதாவது குச்சியை வெட்டிவிடுகிற நேரம். திருமங்கலம், வலையங்குளம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற சம்சாரிகளுக்கு, அதாவது விவசாயிகளுக்கு, இப்போது ஆள் தேவை.

மல்லிக் கனவோடு வருகிறவர் முதலில் செய்வது ராமநாதபுரம் பக்கம் போய்ப் பதியன் கன்று வாங்கி வருவது. 1.25 மீட்டர் இடைவெளி விட்டால் சென்ட்டுக்கு 25 செடி, ஒரு அடிக்கு ஒரு அடிக் குழி, எல்லாம் சரிதான். ஆனால் செடி காசு காட்ட இரண்டாம் வருஷம் ஆகும். அவ்வளவு நாள் காத்திருந்து தன்னைத் தெரிந்துகொள்வது ரொம்பச் செலவு. பதியன் வேண்டாம். வேறொருவர் தோட்டத்தில் ஒரு வரிசையைக் கேட்டு வாங்குங்கள்.

வேலை இதுதான். கவாத்துக்கு முன்னால் தண்ணீரைக் குறைத்துச் செடியைக் காயவிட வேண்டும். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டு. காய்ந்த குச்சி, நோய் விழுந்த குச்சி, குறுக்கே ஓடுகிற குச்சி எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். கத்தரி மழுங்கியிருந்தால் குச்சி பிளக்கும். பிளந்த இடத்திலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். பிறகு செடிக்கு 10 கிலோ தொழு உரம்.

ரசாயன உரத்தில்தான் புது ஆள் தடுமாறுவார். செடிக்கு வருஷத்துக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 என்பது பரிந்துரை. பாதி இப்போது, மீதி ஜூன், ஜூலையில். இது சத்தின் கணக்கு, மூட்டையின் கணக்கு இல்லை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான். ஆகவே 30 கிராம் சத்துக்கு 65 கிராம் யூரியா. மணிச்சத்து 60 கிராமுக்கு 16 சதவீத சூப்பர் பாஸ்பேட் என்றால் 375 கிராம், சாம்பல்சத்து 60 கிராமுக்குப் பொட்டாஷ் 100 கிராம். இந்தக் கணக்கைத் தானாகப் போட்டுப் பார்த்து, தராசில் நிறுத்து, செடிக்குச் செடி ஒரே அளவாக வைக்கிற ஆளா, மூன்றாவது செடியிலிருந்து கைக்கு வந்தபடி அள்ளி வீசுகிற ஆளா? ஒரு வரிசை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்தது பூ எடுப்பு. செப்டம்பர் கடைசியிலேயே கவாத்து முடித்த தோட்டங்களில் குளிர்காலத்திலும் கொஞ்சம் மொக்கு வரும். விடிவதற்கு முன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வயலில் இறங்க வேண்டும். வெள்ளை ஏறி, உப்பி, இன்னும் விரியாத மொக்கு மட்டும் எடுக்க வேண்டும். பச்சை மொக்கு நாளைக்கு. வெயில் ஏறிய பிறகு எடுத்தது சந்தையிலேயே விரிய ஆரம்பிக்கும், விலை விழும். மார்கழியில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், ஆனால் செடியில் பூ இருக்காது. சித்திரை, வைகாசியில் செடி கொட்டும், விலை சில நூறுக்கு இறங்கிவிடும். இரண்டு காலத்திலும் குனிந்த முதுகு குனிந்தபடிதான். இதைச் சகிக்கிறவருக்குத்தான் 2013-ல் மதுரை மல்லி வாங்கிய புவிசார் குறியீட்டால் பிரயோஜனம்.

டிசம்பர் 5, வெள்ளி

மல்லி பற்றி இன்னும் கொஞ்சம். இலை மஞ்சளடித்தால் காரணம் ஒன்றாக இருக்காது. நரம்பு பச்சையாக நின்று இடையில் மட்டும் வெளுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிப்பார்கள். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் மஞ்சளடிக்கும். வேரைத் தோண்டிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாக இருக்கிறதா, நூற்புழு. மொக்கு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்தால் மொக்குப்புழு.

வெள்ளோட்டத்தில் கவனிக்க வேண்டியது: மஞ்சளைக் கண்டதும் மண்வெட்டியை எடுத்து வேர்ப் பக்கம் தோண்டத் தோன்றுகிறதா, போட்டோ எடுத்து உரக்கடைக்கு அனுப்பத் தோன்றுகிறதா? முதல் வகை ஆள் தோட்டத்துக்கு. இரண்டாம் வகை ஆளும் மல்லியில் சம்பாதிக்கலாம், கமிஷன் கடையில்.

டிசம்பர் 12, வெள்ளி

இட்லி மாவு. அரிசி 4 கிலோ, முழு உளுந்து 1 கிலோ, வெந்தயம் நாலைந்து டீஸ்பூன். அரிசி நாலைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறினால் பொங்குவது குறையும். உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். கிரைண்டர் சூடேறினால் மாவு இறுகிப்போகும், அளவு காணாது. ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசி நைஸ் ரவை பதம். மொத்தம் சுமார் 12 கிலோ மாவு நிற்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது.

புளிப்பதில்தான் ஊர் வேலையைக் காட்டும். அக்னி நட்சத்திரத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி வழிகிற அதே மாவு, மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். விற்கிற மாவை முழுசாகப் புளிக்கவிட்டுப் பாக்கெட் போட்டால், வாங்கினவர் வீட்டுக்குப் போவதற்குள் கவர் உப்பிவிடும். அரைப் புளிப்பில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து, "ரெண்டு மணி நேரம் வெளிய வச்சு ஊத்துங்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வெள்ளோட்டத்துக்குப் பத்து வீடு. வாரத்தில் மூன்று நாள், அதே கிழமை, அதே நேரம். தெரிந்தவர் தெரியாதவர் பாதிக்குப் பாதி. முதல் பாக்கெட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மொய். "மாவு பஞ்சு மாதிரி இருந்துச்சுத்தா" என்பதையும் சேர்க்காதீர்கள். அடுத்த வாரம் அவர்களாகக் கேட்கிற பாக்கெட்டை மட்டும் எண்ணுங்கள்.

இந்த வியாபாரத்தில் கையைக் கடிக்கிற இடம் அடுப்படியில் இல்லை. "அக்கா, நாளைக்குத் தாரேன்" என்று பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவரிடம், மூன்றாம் நாள் முகம் கோணாமல் காசு கேட்பதில் இருக்கிறது. நன்றாகச் சமைக்கிற எத்தனையோ பேருக்கு இந்த வாக்கியம் தொண்டையை விட்டு வெளியே வராது. வராதென்றால் அது பெரிய செய்தி. சமையல் பிடிக்கும், வியாபாரம் பிடிக்காது என்று பிரித்துத் தெரிந்தாயிற்று. கேட்டரிங்காரரிடம் சம்பளத்துக்குப் போகலாம். காசு கேட்கத் தெரிந்த ஒருவரோடு கூட்டுச் சேரலாம்.

நிரந்தரமாக விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சின்ன அளவு என்று தள்ளிப்போட வேண்டாம்.

டிசம்பர் 19, வெள்ளி

குறிப்பேடு எப்படி எழுதுவது? நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளைக்கு நாலு கட்டம்: என்ன செய்வதாக இருந்தது, என்ன செய்தது, எவ்வளவு நேரம், எதைத் தள்ளிப்போட்டது. நாலாவதுதான் உயிர். ஒரே வேலை மூன்று வாரமும் அந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தால், அதுதான் உங்களுக்கும் அந்தத் தொழிலுக்கும் நடுவே நிற்கிறது.

பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை ராத்திரி எழுதாதீர்கள். களைப்பில் எல்லாம் கசக்கும். மறுநாள் காலையில், கிளம்புகிற நேரத்தில், ஒரே வரி: கிளம்பக் கால் வந்ததா?

யாரும் சொல்லாமலே செய்ததை அடிக்கோடிடுங்கள். மாவு விற்கப் போனவர் பத்து வீட்டுக் கணக்கையும் போனில் எக்செல் போட்டு வைத்திருந்தால், கிரைண்டரை விட அந்த எக்செல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜனவரி 4, ஞாயிறு

தேர்வுப் பக்கம், சுருக்கமாக. இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 112 விநாடி. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விழுகிறவர்களில் பலர் முதல் சுற்றை 85 விநாடியில் ஓடி விழுகிறவர்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து வேண்டுமென்றே மெதுவாக முதல் சுற்று ஓட முடிகிறதா என்று பாருங்கள். அதுவும் ஒரு குணம்.

குரூப் 4-க்கு 3 மணி நேரத்தில் 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். ஞாயிறு காலை 9.30-க்கு ஒரு முழுத் தாள், புதுநத்தம் சாலைக் கலைஞர் நூலகத்திலோ வீட்டிலோ, எழுந்திருக்காமல். தப்பான விடைகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் குழம்பியது, அவசரத்தில் போனது. முதலாவது படித்தால் சரியாகும். மூன்றாவது வாரா வாரம் குறையாமல் நின்றால் புத்தகம் சேர்த்துப் பயனில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல், ஜல்லிக்கட்டு எல்லாம் முடிந்து எல்லாரும் நோட்டைத் திறக்கிற நேரம்.

படிக்கும்போது ஏற்பாட்டின் கோளாறையும் ஆளின் கோளாறையும் பிரித்துவிடுங்கள். முதல் பஸ் ஐந்தரைக்குத்தான், பூ எடுப்பு நாலு மணிக்கு என்றால், அந்த நோட்டில் மல்லியைப் பற்றி ஒன்றும் இல்லை. தோட்டத்துப் பக்கத்திலேயே தங்கி இன்னொரு மூன்று வாரம் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜ் குளிர் பிடிக்காமல் மாவு புளித்ததும் அப்படித்தான். மாறாக, எல்லா வசதியும் இருந்தும் "கால் வந்ததா" வரியில் இரண்டாம் வாரத்திலிருந்து "இல்லை" என்றே இருந்தால் நிறுத்திவிடலாம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இழுப்பவர்கள்தான் அதிகம். முடியும் தேதியை முதலிலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான். "இருபதாம் தேதி வரைக்கும்னு சொன்னேன், முடிஞ்சது" என்றால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

நிறுத்தும்போது செய்ய வேண்டியவை: சம்சாரியிடம் நாலு நாள் முன்னால் சொல்ல வேண்டும், அவர் வேறு ஆள் பார்க்க வேண்டும். வாடகைக் கிரைண்டரைக் கல்லோடு கழுவிக் காயவைத்துத் திருப்ப வேண்டும். பத்து வீட்டுப் பாக்கியையும் வசூலித்து முடித்த பிறகே அடுத்த நோட்டு வாங்க வேண்டும். அந்த வசூலையும் எத்தனை நாள் தள்ளிப்போட்டீர்கள் என்று நாலாவது கட்டத்தில் எழுதிவையுங்கள்.