தௌலி பாறையில இல்லாதது

போன டிசம்பர்ல புவனேஸ்வர்ல ஒரு கல்யாணம், மறுநாள் ட்ரெயின் சாயங்காலம்தான், அதுவரைக்கும் ரூம்ல சும்மா கெடப்பானேன்னு ஒரு ஆட்டோ புடிச்சு தௌலிக்குப் போயிட்டேன். வர்றவங்க எல்லாம் நேரா மலை மேல வெள்ளை ஸ்தூபிக்குப் போயிடறாங்க (1972ல ஜப்பான் புத்த பிக்குகள் முன்ன நின்னு கட்டினது), அடிவாரத்துல இருக்கற அசோகர் பாறைய ஒருத்தரும் கண்டுக்கல. பாறைக்கு மேல ஒரு யானை, முன்பாதி மட்டும், கல்லுக்குள்ளேர்ந்து நடந்து வெளிய வர்ற மாதிரி. அதுக்குக் கீழதான் எழுத்து.

ஸ்கூல்ல நாம படிச்ச கலிங்கப் போர் கதை இருக்கே, அது அசோகரோட 13ஆம் பாறைக் கல்வெட்டுலேர்ந்து வந்தது (ஒரே 14 கல்வெட்டு வரிசையத்தான் பல ஊர்ப் பாறைங்கள்ல வெட்ட வெச்சாரு). 1 லட்சம் பேர் செத்தாங்க, 1.5 லட்சம் பேர புடிச்சிட்டுப் போனோம், அதுக்கும் பல மடங்கு பேர் பின்னால செத்தாங்க, எனக்கு மனசு ஆறலன்னு ஜெயிச்சவரே சொல்றாரு. நம்ம சோழ மெய்க்கீர்த்திங்கள்ல எந்தெந்த ஊர அடிச்சோம், என்னென்ன அள்ளிட்டு வந்தோம்னு வரிசையா வரும், இந்த மாதிரி ஒரு வரி வராது.

ஆனா அந்தக் கல்வெட்டு தௌலில இல்ல! கலிங்கத்துலயே இருக்கற இன்னொரு இடமான ஜௌகடாலயும் இல்ல. ரெண்டு இடத்துலயும் 11, 12, 13 மூணையும் விட்டுட்டு, வேற ரெண்டு கல்வெட்ட தனியா வெட்டி வெச்சிருக்காங்க. குஜராத் கிர்நார்ல 13 இருக்கு, இப்ப பாகிஸ்தான்ல இருக்கற ஷாபாஸ்கர்ஹில இருக்கு, காந்தஹார்ல அதுல ஒரு பகுதி கிரேக்க மொழியிலயே இருக்கு. அடி வாங்கினவங்க ஊர்ல கெடையாது.

ஆறாத புண்ணக் கிளற வேணாம்னு விட்டிருக்கலாம், சரிதான். எனக்கு என்னமோ, தோத்தவன்கிட்ட போய் 'நான் பண்ணது தப்பு'ன்னு சொன்னா, அப்ப நாட்டத் திருப்பிக் குடுன்னு கேப்பான்ல, அந்த பயமும் இருந்திருக்கும்னு தோணுது. கலிங்கத்த அவர் திருப்பித் தரல. அதே 13லயே காட்டுல இருக்கற ஜனங்களுக்கு ஒரு எச்சரிக்கை வேற இருக்கு, வருத்தப்படறேன்தான், ஆனா என் பலம் என்கிட்டயே இருக்கு, ஒழுங்கா இருந்தா உயிர் பொழைப்பீங்கன்ற தொனில. மரண தண்டனையையும் எடுக்கல, 3 நாள் அவகாசம் குடுத்தாரு, அவ்ளோதான்.

தௌலில அதுக்குப் பதிலா என்ன இருக்குன்னா, எல்லா மனுஷங்களும் என் புள்ளைங்க, யாரையும் காரணமில்லாம ஜெயில்ல போடாதீங்க, கொடுமப்படுத்தாதீங்கன்னு அதிகாரிங்களுக்கு உத்தரவு. நல்ல உத்தரவு, இன்னிக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் மாட்டலாம். ஆனா அப்பான்னா கையில பெரம்பும் இருக்கும்ல? சண்ட நின்னு போச்சு, சரி, ஆனா ஒருத்தன் கையில மட்டும் வாள் இருக்கும்போது வர்ற அமைதிய அமைதின்னு சொல்றதா, அடங்கிக் கெடக்கறதுன்னு சொல்றதா? எனக்கு இன்னும் பிடிபடல.

திரும்பி வந்தப்ப ஆட்டோக்காரர் கேட்டாரு, அங்க என்ன சார் எழுதியிருக்குன்னு. என் ஓட்ட இந்தில 'எல்லாரும் என் புள்ளைங்கன்னு ராஜா சொல்றாரு'ன்னேன். யுத்தத்தப் பத்தி இல்லியான்னாரு. அது இங்க இல்ல, குஜராத்ல இருக்குன்னேன். சூரத் பக்கமான்னு கேட்டாரு, அவர் தம்பி அங்கதான் தறி ஓட்டறானாம்.