திரும்பி வரும் நாள்

பதினோரு வருஷமாக ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். படிப்பை விட்டுவிடும் பிள்ளை ஒரே நாளில் போய்விடுவதில்லை. முதலில் திங்கட்கிழமைகளில் வராது. பிறகு தேர்வு நாட்களில். மார்க் குறைவதற்கு முன்பே வருகைப் பதிவேடு சொல்லிவிடும். வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே கவனிக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பரவலாக வைத்திருக்கும் அளவு. வருஷத்துக்கு 180 நாள் என்றால் 18 நாள். மாதம் இரண்டு லீவு, அவ்வளவுதான். யார் கண்ணிலும் படாது.

ஆனால் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது வேறு. பிள்ளை திரும்பி வரும் நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மூன்று வாரம் கழித்து வந்த ஒரு பையனிடம், "இப்பத்தான் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பீரியட் முழுக்கப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. இன்றுவரை அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

இப்போதெல்லாம் வராதவரின் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை. வந்ததும் காரணம் கேட்பதில்லை. அதைச் சாயங்காலம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். ராத்திரி வேலைக்குப் போகிறானா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

வீட்டுக்கு போன் செய்வதிலும் ஒன்று உண்டு. நம் நம்பரைப் பார்த்ததுமே அம்மாக்கள், "என்ன பண்ணிட்டான் டீச்சர்?" என்று பதறுகிறார்கள். "ஒண்ணும் பண்ணல, இன்னிக்குத் தானா எழுந்து வந்து போர்டுல கணக்கு போட்டான்" என்று சொல்லவும் கூப்பிடுகிறேன். அதற்கப்புறம் பையன் வராத நாளில் அவர்களே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பிள்ளைகள் படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்தில் ஒரு மாணவரை ஒரே வழிகாட்டி குறைந்தது இரண்டு வருஷம் தொடர்கிறார். எனக்குப் பிடித்தது அந்த இரண்டு வருஷம்தான். செக்‌ஷன் மாறினாலும் என் பிள்ளைகள் மூன்று பேரை நான் விடுவதில்லை.

போன மாதம் அவர்களில் ஒருத்தி ஒன்பது நாள் கழித்து வந்தாள். காரணிப்படுத்தல் முடிந்து இருபடிச் சமன்பாட்டுக்குப் போயிருந்தோம். நாற்பது கணக்குக்கு மேல் ஓடிவிட்டது. அதில் எதை விட்டால் அடுத்தது புரியாதோ அவற்றை மட்டும் முந்தின நாளே பொறுக்கி வைத்திருந்தேன்.

"நான் இல்லாதப்ப எத்தனை கணக்கு போட்டீங்க டீச்சர்?"

"நீ போட வேண்டியது மூணுதான்."

நோட்டை எடுத்தாள்.